பயந்தபடியே கூட நிற்பவள்

வாசகர் கேள்வி – பதில்

அனிமேஷன் தொடர்களில் நாயகனுக்கோ நாயகிக்கோ பக்கத்தில் விட்டுக்கொடுக்காத ஒரு நட்பு இருக்கும். அதே நட்பு 'நான் இவளுக்குப் போதுமா' என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டும் இருக்கும். இந்தப் பதின்பருவப் பாத்திரத்தை எழுதுவது, வரைவது, அசைப்பது, பேச வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பத்து எபிசோடு கொண்ட அனிமேஷன் தொடர் எழுதுகிறேன். நாயகியின் தோழிக்கு 15 வயது. நாயகிக்காக எதையும் செய்வாள். தன்மேல் மட்டும் நம்பிக்கை கிடையாது. திரைக்கதையைப் படித்தவர்கள் "பாவம் அந்தப் பொண்ணு" என்கிறார்களே தவிர, யாருக்கும் அவளைப் பிடிக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: அவள் வருத்தப்படுகிறாள், ஆனால் எதையும் செய்வதில்லை. பெரும்பாலும் இதுதான் காரணம். பரிதாபம் வேறு, பிடித்துப்போவது வேறு. ஒரு பாத்திரம் எதையாவது அடைய முயலும்போதுதான் பார்ப்பவர் மனம் அதனோடு ஒட்டும்.

முதலில் அவளுடைய பயத்தை, அவள் மனதில் ஓடும் ஒரு கணக்காக ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "தன்னம்பிக்கை இல்லாதவள்" என்பதை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது. "நான் உபயோகமா இல்லைன்னா என்னை வெச்சுக்க மாட்டாங்க" என்பதை வைத்து ஒரு தொடரே எழுதலாம். கேட்காத உதவியைச் செய்வாள். நாயகியின் வேலையை ராத்திரி கண்விழித்து முடிப்பாள். வேறு யாராவது உதவ வந்தால் பதறுவாள். கணக்கை மாற்றிப் பாருங்கள்: "என்னைப் பத்தி முழுசா தெரிஞ்சா போயிடுவாங்க." இப்போது வேறொரு பெண் வருகிறாள். இவள் எல்லாரிடமும் கேள்வி கேட்பாள், தன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள், பேச்சு தன் பக்கம் திரும்பினால் எழுந்துபோக ஒரு சாக்கு வைத்திருப்பாள்.

பயம் வெளிவரும் வழிகள் நிறைய உண்டு. திரும்பத் திரும்ப உறுதி கேட்பது, ஒதுக்கப்படுவதற்கு முன்பே தானே ஒதுங்குவது, அளவுக்கு மீறி உதவுவது, எதற்கும் ஆமாம் போடுவது, மற்றவர் கிண்டல் செய்யும் முன் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்வது. எல்லாவற்றையும் ஒருத்தியின் தலையில் ஏற்றினால் பார்ப்பவர் களைத்துப்போவார். ஒன்று அன்றாடப் பழக்கம், இன்னொன்று நெருக்கடியில் மட்டும் வருவது. அவ்வளவு போதும்.

அதோடு, அவளுக்குப் பயமே தோன்றாத ஒரு வேலை வேண்டும். சைக்கிள் பழுது பார்ப்பது, வழி கண்டுபிடிப்பது, மிரண்ட விலங்கைத் தடவிக்கொடுத்து அடக்குவது என்று கதைக்குப் பொருந்துகிற எதுவானாலும் சரி. அந்த வேலையில் கை இருக்கும்போது அவள் கூன் நிமிர வேண்டும், பேச்சு தடுமாறக் கூடாது. கதையின் பெரிய திருப்பங்களில் ஒன்றாவது அந்தத் திறமையால் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அவள் தன் வாயால் "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்கிற மாதிரி பேசும் வரிகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். அவள் மனம் இன்னும் தெரிந்தால் எழுத்து சரி. தெரியாவிட்டால் நீங்கள் பாத்திரத்தை எழுதவில்லை, அதைப் பற்றிய குறிப்பைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: அவள் விசுவாசமாக இருப்பது அன்பினாலா, தனியாகிவிடுவோம் என்ற பயத்தினாலா? பார்ப்பவருக்கு இதை எப்படிப் பிரித்துக் காட்டுவது?

பதில்: இந்தப் பாத்திரத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் இரண்டும் கலந்தே இருக்கட்டும். அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கதை போகப் போகத்தான் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரே மாதிரியான இரண்டு சூழ்நிலைகளைத் தொலைவில் வையுங்கள். இரண்டாம் எபிசோடில் நாயகி ஒரு தவறு செய்கிறாள். தோழி அவளுக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறாள். பார்க்க விசுவாசம் போல் இருக்கும். எட்டாம் எபிசோடில் நாயகி அதைவிடப் பெரிய தவறை நோக்கிப் போகிறாள். இந்த முறை தோழி எதிரே நின்று "இதுக்கு நான் வரமாட்டேன்" என்கிறாள். நட்பே முறியலாம் என்று தெரிந்துதான் சொல்கிறாள். இரண்டையும் பார்த்தவருக்கு முதலாவது பயம், இரண்டாவது அன்பு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இரண்டு காட்சியிலும் அதே இடம், அதே கேமரா கோணம் இருந்தால் நினைவு தானாக ஓடி வரும். பின்னணி ஓவியத்தையும் மறுபடி பயன்படுத்தலாம், செலவும் குறையும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, விலை இல்லாத விசுவாசம். தோழி எப்போதும் கூட வருகிறாள், ஆனால் அதனால் அவளுக்கு எந்த இழப்பும் இல்லை. அப்படி என்றால் அவள் பின்னணியில் நடக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். முதலில் நேரம் போகட்டும், பிறகு வீட்டில் நல்ல பெயர், பிறகு அவளே ஆசைப்பட்ட ஒரு வாய்ப்பு. மூன்றாவது இழப்பு நாயகிக்குத் தெரியாமலே நடந்தால் இன்னும் வலுவாக இருக்கும். பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்த அந்த இழப்பு, பின்னால் வரும் சண்டையில் ஒவ்வொரு வசனத்துக்கும் எடை கூட்டும்.

கேள்வி: நடுவில் மூன்றாவதாக ஒரு புதுத் தோழி வருகிறாள். பொறாமைக் காட்சிகள் எழுதினால் நம் பெண் வில்லியாகிவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: அவள் செய்வதைக் காட்டும் முன், அவள் எதைப் பார்த்தாள், அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்பதைக் காட்டிவிடுங்கள். ஜெரால்டின் டவுனி, ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1996-ல் நிராகரிப்புக்கு அதிகமாகக் கூசும் மனதைப் பற்றி எழுதியது இங்கே நேரடியாக உதவும். அப்படிப்பட்ட மனம் நிராகரிப்பைப் பதற்றத்தோடு எதிர்பார்க்கும். இரண்டு பொருள் தரும் சின்ன அறிகுறியையும் நிராகரிப்பாகவே படிக்கும். படித்ததும் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டும்.

இதைக் காட்சிகளாக அடுக்குங்கள். நாயகி செய்தியைப் பார்த்துவிட்டாள், பதில் அனுப்பவில்லை. தோழி ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள். மறுநாள் நாயகியும் புதுப் பெண்ணும் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். தோழி தன் பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுக்காமல் அப்படியே விடுகிறாள். நாயகி ஒரு கணம் நின்று வேறு இடத்தில் உட்காருகிறாள். தோழி பயந்தது நடந்துவிட்டது. நடத்தி வைத்தது அவளேதான். இப்படி ஒரு சுற்று முழுமையாக வந்துவிட்டால் அவளை யாரும் வெறுக்க மாட்டார்கள்.

இதைக் கெடுப்பது ஒன்றே ஒன்று: கடைசியில் அந்தப் புதுப் பெண் உண்மையிலேயே கெட்டவள் என்று காட்டிவிடுவது. அந்த நிமிடமே தோழியின் பயம் பயமாக இல்லாமல் சரியான துப்பறிவாக மாறிவிடும். அவள் மாற வேண்டிய அவசியமும் போய்விடும். புதுப் பெண் நல்லவளாக, கொஞ்சம் யோசிக்காமல் பேசுபவளாக இருக்கட்டும்.

கேள்வி: எல்லாரும் தன்னையே பார்ப்பதாக அவள் நினைப்பதைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

பதில்: பதின்பருவத்தினர் தங்களைச் சுற்றி ஒரு கற்பனைப் பார்வையாளர் கூட்டம் இருப்பதாக உணர்கிறார்கள் என்று டேவிட் எல்கைண்ட் 1967-ல் எழுதினார். அனிமேஷனில் இதை இரண்டு ஷாட்டில் சொல்லிவிடலாம். முதல் ஷாட் அவள் கண் வழியே: நடைவழியில் நிற்கும் அத்தனை முகமும் அவள் பக்கம். அடுத்தது உயரத்திலிருந்து பொதுவான பார்வை: யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவரவர் வேலையில் இருக்கிறார்கள். முதல் ஷாட்டில் கூட்டத்தை அசைக்காமல் ஒரே ஓவியமாக நிறுத்தினால் அதிலேயே ஒரு இறுக்கம் வரும்; கூட்ட அனிமேஷனுக்கான உழைப்பும் மிச்சம். தொடர் முழுக்க இதை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை செய்யலாம். அதற்கு மேல் போனால் வித்தையாகத் தெரியும்.

கேள்வி: உருவ வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை என்ன? எங்கள் குழுவில் ஒருவர் "சின்னதாக, குண்டாக, கண்ணாடி போட்டு" என்கிறார்.

பதில்: கண்ணாடியும் பருமனும் பயந்த மனதின் அடையாளம் அல்ல. அப்படி வரைந்தால் அந்த உடல்வாகு உள்ள பிள்ளைகளைப் பார்த்து "உங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்காது" என்று சொன்னதாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயரமான, வாட்டசாட்டமான பெண் தன்னைச் சுருக்கிக்கொள்ள முயல்வது கண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவள் நிமிரும் நாளில் உயரமே கதை சொல்லும்.

டர்ன்அரவுண்டில், அதாவது பாத்திரத்தைச் சுற்றிலும் வரைந்து காட்டும் தாளில், முன், முக்கால், பக்கம், பின்முக்கால், பின் என்ற ஐந்து கோணங்களையும் இரண்டு நிலையில் வரையுங்கள்: சுருங்கிய நிலை, நிமிர்ந்த நிலை. எல்லாப் பாத்திரங்களையும் வரிசையாக நிறுத்தி உயரத்தை ஒப்பிடும் தாளிலும் இரண்டும் இருக்க வேண்டும். இதை விட்டால், தொடர் பாதிக்கு வரும்போது ஒவ்வொரு ஓவியரும் தனக்குத் தோன்றிய அளவுக்குக் குனிய வைப்பார்கள். அவள் உயரம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். 3டி என்றால் ரிக் (உருவத்தை அசைப்பதற்கான உள் எலும்புக்கூடு) செய்பவரிடம் முதலிலேயே பேசுங்கள். காறை எலும்புக்குத் தனி கன்ட்ரோல் இருந்து, தோள் மேலேயும் முன்னாலேயும் நகர வேண்டும். அது இல்லாத ரிக்கில் கையை மட்டும்தான் ஒடுக்க முடியும். குளிரில் நிற்பதுபோல இருக்குமே தவிர, பயம் தெரியாது.

முகபாவங்களை வரைந்து வைக்கும் எக்ஸ்பிரஷன் ஷீட்டில் இரண்டு சிரிப்பு தனித்தனியாக வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே காட்டிய வேறுபாடு இது: மனம் விட்டுச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும். அதனால் கன்னம் மேலேறும், கீழிமை உயர்ந்து கண் சற்றுச் சிறுக்கும். சமாளிப்புச் சிரிப்பில் வாய் மட்டும் விரியும், கண் அப்படியே இருக்கும். இந்தப் பெண் முதல் பாதியில் பெரும்பாலும் இரண்டாவது சிரிப்பையே சிரிப்பாள். வரைபவர்களுக்குச் சொல்லாவிட்டால் எல்லா இடத்திலும் முதல் சிரிப்பையே போட்டுவிடுவார்கள். பிறகு அவள் வருத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர் குழம்புவார்.

கைக்கு ஒரு பிடிமானம் கொடுங்கள். தோள்பை வார் நல்லது. உடல் உறுப்புகளைத் தனித்தனித் துண்டுகளாக வைத்து அசைக்கும் கட்அவுட் முறையில் செய்கிறீர்கள் என்றால் உடம்புக்குக் குறுக்கே போகும் வாரைத் தனி லேயராக வையுங்கள். கை அதன் மேலும் கீழும் போக வேண்டியிருக்கும். கையால் வரைகிறீர்கள் என்றால் நீளமான, மடிப்பு மடிப்பான சட்டைக் கையைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு படத்திலும் ஒரு கோடு. அவளோ கையைச் சும்மா வைத்திருக்கவே மாட்டாள்.

கேள்வி: நான் அனிமேட்டர். இவளது பதற்றத்தைக் காட்ட நகம் கடிப்பது, முடியைச் சுருட்டுவது, காலை ஆட்டுவது எல்லாம் வைத்தேன். இயக்குநர் "ஒன்றுமே தெரியவில்லை" என்கிறார்.

பதில்: எல்லாம் அசைந்தால் எதுவும் தெரியாது. இவளுக்கு அசைவைவிட நேரம் முக்கியம்.

நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். கும்பலில் யாரோ ஒரு வேடிக்கை சொல்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். இவள் உடனே சிரிக்கக் கூடாது. கண் மட்டும் நாயகி பக்கம் பாயட்டும். கண் பாய்ச்சலுக்கு 2 ஃபிரேம் போதும். அங்கே 8 முதல் 12 ஃபிரேம் நிற்கட்டும். நாயகி சிரிப்பது தெரிந்த பிறகு இவள் சிரிக்கத் தொடங்கட்டும். அரை நொடித் தாமதம்தான். ஆனால் 'சிரிக்கலாமா' என்று அனுமதி கேட்கிறாள் என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். தாமதம் ஒரு நொடியைத் தாண்டினால் வேடிக்கை புரியவில்லை என்று பொருள் மாறும். ஐந்தாறு ஃபிரேமுக்குள் முடிந்தால் யார் கண்ணிலும் படாது.

நீங்கள் ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தும் முறையில் செய்கிறீர்கள் என்றால் கண் பாய்ச்சல் ஒரே ஓவியத்தில் முடியும். நடுவில் இன்பிட்வீன் (இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட ஓவியம்) போடாதீர்கள். போட்டால் கண் பாயாமல் மிதக்கும். தலை திரும்புவதைக் கண்ணுக்குப் பின்னால் 3, 4 ஃபிரேம் தள்ளித் தொடங்குங்கள். தலையே திரும்பாமல் கண் மட்டும் போய் வந்தால் அது திருட்டுப் பார்வை. இவளுக்குப் பல இடத்தில் அதுதான் பொருந்தும்.

கண் சிமிட்டலுக்கு மூட 2, மூடியபடி 2, திறக்க 3 ஃபிரேம் என்று ஒரு சாதாரணக் கணக்கு உண்டு. புண்படுத்தும் வசனத்தைக் கேட்டதும் சிமிட்டலை நிறுத்திப் பாருங்கள். ஒரு நொடி கண் இமைக்காமல் நிற்கும் முகம், நகம் கடிப்பதைவிட ஆழமாகப் போகும். அந்த நேரத்தில் முகம் செத்த படமாகிவிடாமல் மூச்சில் தோள் கொஞ்சம் ஏறி இறங்கட்டும். முடி நுனியில் சின்ன அசைவு இருக்கட்டும்.

வாரைப் பிடிப்பது போன்ற பழக்கத்தை ஒன்றே ஒன்றாக வைத்துக்கொண்டு, எபிசோடுக்கு இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வையுங்கள். அப்போதுதான் ஒருநாள் அவள் கை வாரை நோக்கிப் போய், பிடிக்காமல் திரும்பும்போது அதற்குப் பொருள் இருக்கும்.

கேள்வி: கும்பல் காட்சிகளில் அவளை எங்கே நிறுத்துவது?

பதில்: நாயகிக்கு அரை அடி பின்னால், மற்றவர்கள் வட்டத்துக்குச் சற்று வெளியே. கும்பல் நடக்கும்போது நடைபாதை குறுகினால் பின்னுக்குப் போவது அவளாக இருக்கட்டும். ஆனால் எல்லா ஷாட்டிலும் ஓரத்தில் வைத்தால் பார்ப்பவர் அவளை மறந்தே போவார். எபிசோடில் ஓரிரு இடத்தில் ஃபிரேமின் நடுவில், மற்றவர்கள் மங்கலாக இருக்க, அவள் முகம் மட்டும் தெளிவாக வர வேண்டும்.

கேள்வி: குரல் பதிவில் அவள் எப்போதும் அழுமூஞ்சியாகக் கேட்கிறாள். நடிக்கும் பெண்ணுக்கு என்ன சொல்வது?

பதில்: "சோகமாகப் பேசு" என்று சொல்லியிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு, "நாயகி உன்னை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்" என்று செய்யவேண்டிய வேலையைச் சொல்லுங்கள். அப்போது குரலில் உற்சாகம் வரும், தேவைக்கு அதிகமாகவே வரும். அந்த மிகை உற்சாகம்தான் இவளுடைய குரல். பயம் அடியில் இருக்கும்.

வசனத்தையும் அதற்கேற்ப எழுத வேண்டும். இவள் கருத்தைச் சொல்லிவிட்டு உடனே திரும்ப எடுத்துக்கொள்வாள்: "அந்த வழியா போகலாம்… இல்ல, நீ சொன்னதே நல்லாருக்கு." கேள்வியைச் செய்தி போலக் கேட்பாள்: "நாளைக்கு நீ வர வேண்டாம், பிஸியா இருப்ப." மன்னிப்புக் கேட்பதை எண்ணிப் பாருங்கள். 22 நிமிட எபிசோடில் மூன்று 'சாரி' வந்தால் குணம். பத்து வந்தால் எரிச்சல். வழக்கமாகச் செல்லப்பெயரில் கூப்பிடுபவள், உண்மையிலேயே கோபம் வந்த ஒரு காட்சியில் மட்டும் முழுப்பெயரில் கூப்பிடட்டும்.

குரலை முதலில் பதிவு செய்து பிறகு அசைக்கும் முறை என்றால், நாயகியாக நடிப்பவரையும் இவரையும் ஒரே அறையில் சேர்த்துப் பதிவு செய்யப் பாருங்கள். இருவருக்கும் தனித்தனி மைக் வையுங்கள், எடிட்டிங்கில் பிரிக்க முடியும். தயங்குவது, குறுக்கே பேச வந்து நிறுத்திக்கொள்வது எல்லாம் தனியாகப் பேசும்போது வராது. பேச எடுத்த மூச்சு, பேசாமல் விழுங்கிய சொல், இவற்றைச் சத்தம் என்று நினைத்து எடிட்டர் வெட்டிவிடுவார். வெட்டாமல் வைக்கச் சொல்லி, எந்த ஃபிரேமில் மூச்சு வருகிறது என்று, அசைவை ஃபிரேம் வாரியாகக் குறிக்கும் டைமிங் ஷீட்டில் குறித்துவிடுங்கள். உதடு அசைவை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வைப்பது பொது வழக்கம். இவள் வாய் திறந்து பேசாமல் மூடும் இடங்களுக்கு ஒலியே இருக்காது என்பதால், குறிக்காவிட்டால் யாரும் வரைய மாட்டார்கள்.

ஜப்பானியத் தொடர்களில் பரவலாக இருப்பதுபோல் படம் முடிந்த பிறகு குரல் பதிவு செய்வதென்றால், இந்த இடைவெளிகளை அனிமேட்டிக் (ஸ்டோரிபோர்டு படங்களை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் வரைவு) கட்டத்திலேயே யாராவது பேசிப் பார்த்து நேரம் பிடிக்க வேண்டும். பின்னால் நீட்ட வழியில்லை.

கேள்வி: அவளைச் சிரிப்புப் பாத்திரமாகவும் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. அவள் போடும் மிகையான திட்டம், எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் மாற்றுத் திட்டம், இவற்றில் சிரிப்பு வரட்டும். 'என்னை யாருக்கும் பிடிக்காது' என்பதே சிரிப்பாகிவிட்டால், பின்னால் அதே விஷயத்துக்குப் பார்ப்பவர் கலங்க மாட்டார்.

கேள்வி: நாயகி இவளை நன்றாக நடத்துவதே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதை மாற்றினால் மோதலே இல்லாமல் போய்விடும் அல்லவா?

பதில்: போகாது. நாயகிக்கு இவள் ஏன் வேண்டும் என்பதற்குக் குறைந்தது ஒரு காட்சி வேண்டும். இவள் இல்லாத இடத்தில் நாயகி இவளைப் பற்றிப் பேசும் காட்சியாக வையுங்கள். பார்ப்பவருக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. மோதல் அங்கேதான் கூடும். நாயகி உண்மையிலேயே அலட்சியமாக இருந்தால், பார்க்கும் இளம் பிள்ளைகள் கேவலப்படுத்தினாலும் கூடவே இருப்பதுதான் நட்பு என்று எடுத்துக்கொள்வார்கள். அலட்சியம் காட்டினால் அதற்கு நாயகி பெயர் சொல்லி, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் காட்சியும் எழுதுங்கள்.

கேள்வி: கடைசி எபிசோடில் அவள் முழுத் தன்னம்பிக்கை பெற்றவளாக ஆக வேண்டுமா? நாயகி "நீ தாண்டி என் பெஸ்ட் ஃபிரெண்ட்" என்று சொல்வதுபோல் முடித்திருக்கிறேன்.

பதில்: அந்த வசனம் இவள் பயத்தைத் தீர்க்காது, அன்றைக்கு மட்டும் அடக்கும். உறுதி கேட்டுக் கேட்டே வாழும் மனதுக்குக் கிடைக்கும் உறுதி சீக்கிரம் கரைந்துவிடும். மறுநாள் மறுபடி கேட்கத் தோன்றும். அந்த வசனத்தை ஐந்தாம் எபிசோடுக்கே கொண்டுவந்துவிடுங்கள். சொல்லியும் இவள் நம்பவில்லை என்று காட்டுங்கள். பாதித் தொடரில் அது நல்ல அதிர்ச்சியாக இருக்கும்.

முடிவில் பயம் போக வேண்டாம். பயத்துக்கும் செயலுக்கும் நடுவே இடைவெளி வந்தால் போதும். முதல் எபிசோடில் நாயகி பதில் அனுப்பாதபோது அடுத்தடுத்து ஆறு செய்தி அனுப்பியவள், பத்தாம் எபிசோடில் ஒன்று அனுப்பிவிட்டு ஃபோனை மேசையில் வைக்கிறாள். கண் அதன் பக்கம் போகிறது. எழுந்து, தனக்குப் பிடித்த அந்த வேலையை எடுத்து உட்காருகிறாள். இதற்கு 10 முதல் 15 நொடி கொடுங்கள், வசனம் வேண்டாம். பதில் வந்ததா என்பதைக் காட்டும் ஷாட் உங்கள் ஸ்டோரிபோர்டில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் அவள் மாறியதற்குப் பதிலாக, அவளுக்குப் பரிசு கிடைத்ததுதான் பார்ப்பவர் மனதில் நிற்கும்.